சார் விலை

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் நினைவில் இல்லை. தபால்காரர்கூட வாட்ச்மேனிடம் "பணவீக்கம் சார் வீட்டுல இருக்காரா?" என்றுதான் கேட்பார். அது கேலிப்பெயர் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. அவர் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். யாராவது அப்படிக் கூப்பிட்டால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு திரும்புவார்.

அரசுப் புள்ளிவிவரத் துறையில் அவர் விலை சேகரிப்பாளர். மாதத்தின் முதல் வாரத்தில் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, தனக்கென்று ஒதுக்கப்பட்ட கடைத்தெருவுக்குப் போவார். அதே கடைகள், அதே பொருள்கள். போன மாதம் எந்த சோப்போ அதே சோப்பு, எந்த எடை அரிசியோ அதே எடை. விலை கேட்பார், எழுதிக்கொள்வார், நன்றிகூடச் சொல்லாமல் நகர்வார். இப்படி நாடு முழுக்க அலைகிறவர்கள் கொண்டுவரும் விலைகளைக் கூட்டிக் கழித்து மேலே இருப்பவர்கள் ஒரு எண்ணை எடுக்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் மத்திய வங்கி வட்டியை ஏற்றுகிறது, இறக்குகிறது. வட்டியைப் பார்த்து வீட்டுக்கடன் தவணை கூடுகிறது, பங்குச் சந்தை குதிக்கிறது, கடன் பத்திரங்களின் விலை மாறுகிறது. இத்தனையும் தன்னுடைய பேனா முனையிலிருந்து கிளம்புகிறது என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவர் நடக்கிற நடையிலேயே அது தெரியும்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. தான் விலை கேட்கும் கடைகளில் தான் எதையும் வாங்கக் கூடாது, நடுநிலை கெட்டுவிடும். துறையில் அப்படி ஒரு விதியும் கிடையாது. அவராகவே போட்டுக்கொண்டது. அந்தக் கடைத்தெருதான் வீட்டுக்கு அருகில் இருந்ததால், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு சோப்பைக்கூட அவர் கையால் வாங்கியதில்லை. வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் அவருடைய மனைவிதான் போய் வாங்கிவருவார். விலை கேட்பது கணவரின் உத்தியோகம், விலை கொடுப்பது மனைவியின் தலையெழுத்து என்று குடும்பம் ஒழுங்காக நடந்தது.

"எண்ணெய் விலை ஏறிப்போச்சுங்க" என்பார் மனைவி, பையை இறக்கிவைத்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

"ஏறலை" என்பார் இவர்.

"நான் இப்பத்தானே வாங்கிட்டு வர்றேன்?"

"நீ ஒரு நாள், ஒரு கடையில, ஒரு பாக்கெட் வாங்கியிருக்க. அது தனிநபர் அனுபவம். நான் சொல்றது புள்ளிவிவரம்."

மனைவி அதற்குமேல் பேசமாட்டார். புள்ளிவிவரத்தை வைத்து அப்பளம்கூடப் பொரிக்க முடியாது என்று தெரிந்தவர். மாதச் செலவுக்குக் கணவர் கொடுக்கும் பணம் பத்தாமல் போகும்போதெல்லாம், தனிநபர் அனுபவத்தின் பேரில் எங்கேயாவது பிடித்தம் செய்து சமாளிப்பார்.

இப்படிப்பட்டவர் கையில் லிஃப்ட் பணம் போய்ச் சேர்ந்தது.

அந்தக் குடியிருப்புக்கு நான்கு மாடி. லிஃப்டுக்கு வயதாகிவிட்டது. மேலே போகும்போது முனகும், கீழே வரும்போது குலுங்கும். இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கதவைத் தட்ட, வெளியே இருப்பவர்கள் லிஃப்டைத் திட்ட, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக மனம் வந்தால் கிளம்பும். புதிது வாங்குவதற்காகக் குடியிருப்போர் எல்லோரும் மாதாமாதம் கட்டிய பணம் வங்கியில் நிரந்தர வைப்பில் இருந்தது. லிஃப்ட் கம்பெனி சொன்ன விலைக்கு அது சரியாக வந்திருந்த நேரத்தில், கீழே கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம் போட்டார்கள். இவர்தான் சங்கச் செயலாளர்.

"அவசரப்படாதீங்க" என்றார். "இப்ப வட்டி உச்சத்துல இருக்கு. ஆனா விலைவாசி இறங்க ஆரம்பிச்சாச்சு. என் கண்ணால பாக்கறேன். இந்த வெயில் காலத்துல என் தெருவுல ஒரு சாமான் பாக்கியில்லாம எல்லாமே விலை குறைஞ்சிருக்கு. விலைவாசி இறங்கினா மத்திய வங்கி வட்டியைக் குறைச்சே ஆகணும். வட்டி குறைஞ்சா, இன்னிக்குக் கூடுதல் வட்டி தர்ற பத்திரங்களுக்கெல்லாம் நாளைக்குக் கிராக்கி வரும், விலை ஏறும். நம்ம பணத்தை எடுத்து நீண்டகாலக் கடன் பத்திர ஃபண்டுல போடுவோம். ஒரே வருஷம். இந்த டப்பா லிஃப்டுக்குப் பதிலா கண்ணாடி வெச்ச லிஃப்ட், ஃபேன் வெச்ச லிஃப்ட், எந்த மாடின்னு வாயால சொல்ற லிஃப்டே வாங்கலாம்."

பேசுகிற லிஃப்ட் என்றதும் கூட்டத்துக்கு வாயில் ஈ புகுந்தாலும் தெரியாத நிலை. தரைத்தளத்தில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் மட்டும் "வட்டி குறையலைன்னா?" என்று கேட்டார்.

"குறையும்."

"சரி" என்றார் டாக்டர். அவருடைய வீடும் கிளினிக்கும் தரைத்தளம். லிஃப்ட் ஓடினாலும் ஒன்றுதான், ஓடாவிட்டாலும் ஒன்றுதான். லாபம் வந்தால் மட்டும் பங்கு உண்டு.

நான்காவது மாடியிலிருந்து வந்திருந்த இவருடைய மனைவி, பின்வரிசையிலிருந்து மெதுவாகச் சொன்னார்: "இப்ப சொல்ற விலைக்குப் பணம் இருக்கில்ல. வாங்கிடலாமே. அடுத்த வருஷம் லிஃப்ட் விலை ஏறிட்டா?"

"லிஃப்ட் என்ன, தக்காளியா?" என்றார் இவர். கூட்டம் சிரித்தது. மனைவியும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார், வேறென்ன செய்வது. பணம் பத்திரத்துக்குப் போனது.

மத்திய வங்கிக்கு இவருடைய கடைத்தெரு தெரியாது போலிருக்கிறது. அடுத்த கூட்டத்திலேயே வட்டியைக் குறைப்பதற்குப் பதிலாக ஏற்றியது. எங்கோ துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பல் தாமதம், நாணயத்தின் மதிப்பு சரிவு, விலைவாசி எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று டிவியில் காரணங்களை அடுக்கினார்கள். புதிய பத்திரங்கள் இன்னும் கூடுதல் வட்டி தர ஆரம்பித்ததால் பழைய பத்திரத்தைச் சீந்துவாரில்லை. ஃபண்டின் மதிப்பு வழுக்கியது.

"இதுதான் கடைசி உயர்வு" என்று அடித்துச் சொன்னார் பணவீக்கம் சார்.

மறுபடி ஏற்றினார்கள். "இதுதான் கடைசிக்கும் கடைசி" என்றார். அதற்குப் பிறகும் ஏற்றினார்கள். அதுவரை கார் நிறுத்துவதற்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் மட்டுமே சண்டை போட்டுப் பழகிய குடியிருப்பில், இப்போது மத்திய வங்கியின் நாணயக் கொள்கையைப் பற்றிச் சண்டை வந்தது. வங்கித் தலைவர் டிவியில் வாயைத் திறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வீடு சத்தத்தைக் கூட்டிவைத்தார்கள். அவர் இருமினால் ஒரு அர்த்தம், தண்ணீர் குடித்தால் ஒரு அர்த்தம் என்று இவர் மாடிப்படியில் நின்று விளக்கம் சொல்வார்.

"கால் சதவீதம் ஏத்திட்டாங்களாம்" என்று ஒருநாள் சலித்துக்கொண்டார்.

"அவங்க கால் கால் சதவீதமா ஏத்தறாங்க. எனக்கு ரெண்டு காலையும் வெச்சு ஏற முடியலை" என்றார் மனைவி. ஏனென்றால் அந்த வாரம்தான் லிஃப்ட் உயிரை விட்டிருந்தது. மோட்டார் எரிந்துபோய் மாடிப்படி முழுக்க ஒரே கருகல் வாடை. பார்க்க வந்த மெக்கானிக், இதற்கு உதிரிபாகம் இனிமேல் பழைய இரும்புக் கடையில்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பல் டாக்டர் வந்து, "கிடைக்கிற விலைக்கு ஃபண்டை வித்துடுவோம் சார். மிச்சத்துக்குக் கையில இருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு லிஃப்டை வாங்கிடலாம்" என்றார். மேல்மாடிக்காரர்கள் திட்டித் தீர்த்ததில் அவருக்கே கொஞ்சம் உறைத்திருந்தது.

"வித்தாத்தான் நஷ்டம், டாக்டர். விக்காத வரைக்கும் அது வெறும் எண்" என்றார் இவர்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "நாலாவது மாடிங்கற நாலும் வெறும் எண்தானே? என்னைக் கொஞ்சம் கீழ கூட்டிட்டுப் போங்களேன்."

இவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

முழங்கால் வலி தாங்க முடியாமல் போன ஒரு நாளில் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, வாட்ச்மேனும் பல் டாக்டரின் உதவியாளரும் இன்னும் இரண்டு பேரும் தூக்கினார்கள். படி திரும்பும் இடங்களிலெல்லாம் நாற்காலி ஒருபக்கமாகச் சாய்ந்தது. நாலு பேர் முன்னால் சத்தமாகச் சிரிக்கவும் கூச்சப்படும் அந்த அம்மாள், முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடுத்த வீட்டு ஆண்களின் மூச்சு முகத்தில் பட இறங்கினார். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பின்னால் வருகிறவரைப் பார்த்தார்கள். பின்னால், மனைவியின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நாட்டின் வட்டி விகிதத்தை முடிவு செய்கிறவர் வந்துகொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு உண்மையிலேயே அவமானமாக இருந்தது. படியில் வைத்தே அழுதுவிடுவோமோ என்று பயந்தார்.

மேலே தூக்கிவந்து விட்டபோது மனைவி சொன்னது ஒன்றுதான். "லிஃப்ட் வர்ற வரைக்கும் நான் இனிமே கீழ வரலை. என்னை இப்படித் தூக்க வெக்காதீங்க." ஆஸ்பத்திரி டாக்டரும் படியேறக் கூடாது என்று சொல்லியிருந்தார். அந்த அம்மாளின் ஊர் உலகமெல்லாம் அதோடு பால்கனிக் கம்பிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது. காலையில் கடைத்தெருவில் நாலு பேரிடம் பேசி, கறிவேப்பிலையைக் கொசுறாகக் கேட்டு வாங்கி, யார் வீட்டில் என்ன என்று தெரிந்துகொண்டு வருவதுதான் அவருக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு. அது போயிற்று.

வீட்டுக்குச் சாமான் வாங்க ஆள் வேண்டுமே. கொண்டுவந்து தருகிற கடைகளெல்லாம் நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றதும் ஃபோனை வைத்துவிட்டார்கள். கடைசியில் பணவீக்கம் சாரே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நடுநிலைக் கொள்கையை மூட்டைகட்டி வைத்துவிட்டு, தன் தெருவுக்கே போனார். பழக்கதோஷத்தில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

மளிகைக்கடைக்காரர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க சார். இது முதல் வாரம் இல்லையே?"

"எண்ணெய் ஒரு பாக்கெட் என்ன விலை?"

கடைக்காரர் விலையைச் சொன்னார். போன முதல் வாரம் சொன்ன அதே விலை. பணவீக்கம் சாருக்கு மனசுக்குள் ஒரு நிம்மதி. பார்த்தாயா, ஏறவில்லை.

"சரி, ரெண்டு குடுங்க."

எண்ணெயை எடுக்கப் போன கடைக்காரரின் கை அந்தரத்தில் நின்றது. தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், விலை கேக்கறீங்களா, வாங்கறீங்களா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"இருக்கு சார்."

வாங்குகிற விலை, கேட்கிற விலையைப்போல ஒன்றரை மடங்கு. பணவீக்கம் சார் திருதிருவென்று விழித்தார். கடைக்காரர் அவருக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

"எங்கப்பா கடையில இருந்த காலத்துல நீங்க முதமுதலா வந்தீங்க சார். கழுத்துல அட்டை, கையில பேனா, மூஞ்சில சிரிப்பே இல்லை. அப்பா பயந்துட்டாரு. விலைக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க, குறைச்சே சொல்லுடான்னாரு. அதுல இருந்து தெரு பூரா உங்களுக்குன்னு ஒரு விலை வெச்சிருக்கோம். சார் விலைன்னே பேரு. நீங்க முனை திரும்பறப்பவே எல்லாருக்கும் ஃபோன் போயிடும்."

"நான் புள்ளிவிவரத் துறை" என்றார் இவர்.

"அது எங்களுக்கு எப்படி சார் தெரியும்? நீங்க நின்னு ஒரு வார்த்தை பேசினதே இல்லையே. வருஷத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் ஏத்திச் சொல்வோம், சந்தேகம் வரக்கூடாதில்ல? ஒரு வருஷம் மட்டும் குறைச்சோம். அந்த வெயில் காலத்துல ரொம்ப வாடிப்போய் வந்தீங்க. பாக்கவே பாவமா இருந்துச்சு. மனசு கேக்காம தெருவே சேர்ந்து கொஞ்சம் குறைச்சுச் சொன்னோம்."

எந்த வெயில் காலம் என்று பணவீக்கம் சார் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். கண்ணாடி வெச்ச லிஃப்ட், ஃபேன் வெச்ச லிஃப்ட், பேசுகிற லிஃப்ட் எல்லாம் அந்த வெயிலில் முளைத்தவை. கடைக்காரர்கள் இரக்கப்பட்டதை அவர் பொருளாதாரப் போக்கு என்று படித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பையை இறக்கினார். மனைவி எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். சொன்னார்.

"சரியாத்தான் வாங்கியிருக்காங்க" என்றார் மனைவி.

"உனக்கு இது தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும். உங்ககிட்டயும் சொன்னேன். தனிநபர் அனுபவம்னு சொல்லிட்டீங்க."

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் திருந்தியிருப்பார். இவரும் திருந்தப் பார்த்தார், அதை மறைப்பானேன். அடுத்த மாதம் முதல் வாரம் அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய், கடை கடையாக "வாங்கற விலை சொல்லுங்க" என்று கேட்டார். கடைக்காரர்கள் முதலில் தயங்கினாலும், கடைசியில் சொல்லிவிட்டார்கள். ஆபீசுக்கு வந்து, துறை கொடுத்திருந்த கைக்கணினியில் எண்ணெய்க்கு உண்மை விலையைப் போட்டார். திரை சிவந்தது. போன மாத விலையோடு ஒப்பிட்டால் மாற்றம் மிக அதிகம், சரிபார்க்கவும் என்றது. அந்தக் கைக்கணினி அவர் கைக்கு வந்ததிலிருந்து திரை ஒரு தடவைகூடச் சிவந்ததில்லை.

அந்தச் சிவப்பைப் பார்த்தபடி உட்கார்ந்து யோசித்தார். உண்மையைப் போட்டால் பணவீக்கம் ஏறும். பணவீக்கம் ஏறினால் மத்திய வங்கி வட்டியை ஏற்றும். வட்டி ஏறினால் ஃபண்டு இன்னும் விழும். ஃபண்டு விழுந்தால் லிஃப்ட் வராது. லிஃப்ட் வராவிட்டால் அவள் பால்கனியிலேயே கிடப்பாள். ஆகவே அவள் நன்மைக்காகவே எண்ணெய் விலை ஏறக் கூடாது. இப்படி ஒரு கணக்குப் போட எந்த அளவுக்குத் தலைக்கனம் வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? தேசக் கணக்கில் அந்தத் தெருவின் பங்கு ஒரு சோப்புக் குமிழிக்குக் காணாது. ஆனால் அவர் ஆள்காட்டி விரலால் உண்மையை அழித்துவிட்டு, எண்ணெயிலிருந்து சோப்பு வரை சார் விலையையே போட்டார். திரை பச்சையாகி, நன்றி சொன்னது.

சில மாதங்கள் கழித்து மத்திய வங்கி வட்டியைக் குறைத்தது. காரணம் எண்ணெயும் அல்ல, சோப்பும் அல்ல. ஆலைகளில் இயந்திரங்கள் சும்மா நின்றன, ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், வாங்க ஆளில்லை. பயந்துபோய்க் குறைத்தார்கள். இரண்டாவது மாடிக்காரருக்கே அந்த வாரம்தான் வேலை போயிருந்தது. பணவீக்கம் சார் மட்டும் டிவி முன்னால் உட்கார்ந்து, யாருக்கும் சொல்ல முடியாத ஒரு பெருமிதத்தில் தன் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலும் குறைத்தார்கள். பத்திரங்களுக்குக் கிராக்கி வந்தது. ஃபண்டு மெல்ல மெல்ல ஏறி, போட்ட பணத்தை எட்டிப் பிடித்தது. அன்றே கூட்டத்தைக் கூட்டினார். கீழே அல்ல, தன் வீட்டிலேயே, மனைவியின் கண் முன்னால். மூச்சு வாங்க எல்லோரும் நாலு மாடி ஏறி வந்தார்கள். லிஃப்ட் கம்பெனியின் பிரதிநிதியும் தன் வாழ்நாளில் முதல்முறையாக இத்தனை படி ஏறியவர்போல வந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் அன்னிக்கே என்ன சொன்னேன்?" என்று ஆரம்பித்தார் பணவீக்கம் சார். "வித்தாத்தான் நஷ்டம்னு சொன்னேன். இன்னிக்குப் போட்ட பணம் அப்படியே இருக்கு. ஒரு காசு குறையலை."

பல் டாக்டர் கைதட்டினார். வேலை போன இரண்டாவது மாடிக்காரர் தட்டவில்லை. மனைவி சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய செருப்பு வாசலில் தூசி படிந்து கிடந்தது. வந்தவர்கள் எல்லோரும் தங்கள் செருப்பை அதன் பக்கத்தில்தான் கழற்றியிருந்தார்கள்.

லிஃப்ட் கம்பெனிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு இப்போதைய விலையைச் சொன்னார். பழைய விலையைப்போல ஒன்றரை மடங்கு. கண்ணாடி, ஃபேன், பேச்சு எதுவும் இல்லாமல், வெறும் மேலே போய்க் கீழே வருகிற லிஃப்டுக்கு.

"இரும்பு ஏறிப்போச்சு சார், மோட்டார் ஏறிப்போச்சு, ஆள் கூலி ஏறிப்போச்சு" என்றார்.

இருந்த பணத்தில் லிஃப்ட் இரண்டாவது மாடியோடு நின்றுவிடும் என்று ஒவ்வொருவரும் மனக்கணக்குப் போட்டார்கள். பணவீக்கம் சார் வாயைத் திறந்தார். ஏறவில்லை என்று சொல்ல வந்தாரோ, தற்காலிகம் என்று சொல்ல வந்தாரோ தெரியாது. பழக்கத்தில் கை கழுத்துக்குப் போய் அட்டையைத் தேடியது.

மனைவிதான் பேசினார். கோபமாகக்கூட இல்லை.

"நீங்க அட்டையை மாட்டிட்டு ஒருதடவை கேளுங்க. உங்களுக்குன்னா குறைச்சுத்தான் சொல்வாங்க."

சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எல்லோருக்கும் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனார். பாவம், நாலு மாடி ஏறி வந்தவர்கள்.